திருத்தப்பட்ட பட்டியல்: சுசந்திகா ஜயசிங்கவின் ஓட்ட வாழ்க்கை

2000ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் சிட்னி ஒலிம்பிக் அரங்கில் நடைபெற்ற பெண்கள் 200 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு இரண்டு முடிவுப் பட்டியல்கள் உண்டு. அன்று மின்பலகையில் தோன்றிய முதற் பட்டியலில் அமெரிக்காவின் மேரியன் ஜோன்ஸ் 21.84 வினாடியில் முதலிடத்திலும், பஹாமாஸ் நாட்டின் பாலின் டேவிஸ் தாம்சன் 22.27 வினாடியில் இரண்டாம் இடத்திலும், இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க 22.28 வினாடியில் மூன்றாம் இடத்திலும், ஜமைக்காவின் பெவர்லி மெக்டொனால்டு 22.35 வினாடியில் நான்காம் இடத்திலும் இருந்தனர். ஊக்கமருந்து பயன்படுத்தியதை ஜோன்ஸ் 2007ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதை அடுத்து அவருடைய பெயர் நீக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு டிசம்பரில் சர்வதேச ஒலிம்பிக் குழு எஞ்சியவர்களை ஒரு படி மேலேற்றியபோது உருவான இரண்டாம் பட்டியலில் தங்கம் பஹாமாசுக்கும், வெள்ளி இலங்கைக்கும், வெண்கலம் ஜமைக்காவுக்கும் சென்றன. உலகின் பெரிய நாடுகள் எதுவும் இல்லாமல், மூன்று தீவு நாடுகள் மட்டுமே நிற்கும் மேடையாக அது அமைந்தது. அந்த மேடையின் இரண்டாம் படிக்குச் சுசந்திகா ஏறிய வழியும், அதே காலத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண் ஒருவருக்குக் கிடைக்காமற்போன திருத்தமும் இக்கட்டுரையின் பொருள்.

இம்மூன்றையும் சிறு நாடுகள் என்று ஒரே சொல்லால் குறித்தாலும் அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு உண்டு. சிட்னிப் போட்டி நடந்த காலத்தில் பஹாமாசின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 லட்சம்; 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 16 லட்சத்தைத் தாண்டிய புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அது குறைவு. ஜமைக்காவில் சுமார் 26 லட்சம் பேர் வாழ்ந்தனர். இலங்கையோ 65,610 சதுர கிலோமீட்டர் பரப்பும், அன்றைக்கு ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் மக்களும் கொண்ட, தமிழ்நாட்டில் பாதியளவான நாடு. ஆயினும் தடகளத்தைப் பொறுத்தவரை மூன்றிலும் எளிய நாடு இலங்கைதான். ஏனெனில் வேகத்தை வளர்ப்பது மக்கள்தொகையன்று, பள்ளிப் பருவத்திலேயே வேகமான பிள்ளையை இனங்கண்டு, ஆண்டுதோறும் ஓட வைத்து, அடுத்த படிக்கு அனுப்பும் ஏற்பாடு ஆகும்.

ஜமைக்காவில் அந்த ஏற்பாடு 1910ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளி மாணவர் தடகளப் போட்டியிலிருந்து வளர்ந்தது. ‘சாம்ப்ஸ்’ என்று மக்கள் சுருக்கி அழைக்கும் அப்போட்டியைக் காண அரங்கு நிறைந்து வழிவதும், பதினைந்து வயதுப் பிள்ளையின் ஓட்டம் செய்தித்தாளின் முதற்பக்கத்துக்கு வருவதும் அங்கே வழக்கம். பஹாமாசில் உள்நாட்டு அரங்கோடு அமெரிக்கக் கல்லூரிகளின் உதவித்தொகையும் சேர்ந்துகொண்டது. பாலின் டேவிஸ் தாம்சன் அலபாமா பல்கலைக்கழகத்தில் ஓடி வளர்ந்தவர், சிட்னி அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக், அப்போது அவருடைய வயது 34. அதே சிட்னியில் 4x100 மீட்டர் தொடர் ஓட்டத் தங்கத்தையும் பஹாமாஸ் பெண்கள் வென்றனர் என்பதால், 200 மீட்டரில் அந்நாடு பெற்ற பதக்கம் தற்செயல் அன்று என்பது விளங்கும். செயின்ட் கிட்ஸ் நெவிஸ் தீவின் கிம் காலின்ஸ் 2003இல் உலகின் 100 மீட்டர் வாகையராக ஆனதும், கிரெனடாவின் கிரானி ஜேம்ஸ் 2012இல் 400 மீட்டர் ஒலிம்பிக் தங்கம் வென்றதும், செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃபிரட் 2024இல் பாரிசில் 100 மீட்டரை 10.72 வினாடியில் ஓடித் தங்கம் பெற்றதும் இதே கரீபியன் மரபின் தொடர்ச்சியே ஆகும்.

இலங்கைக்கு அத்தகைய மரபு வாய்க்கவில்லை. பள்ளிகளுக்கு இடையிலான தடகளப் போட்டிகள் அங்கும் நெடுங்காலமாக நடந்தாலும், பணமும் கவனமும் கிரிக்கெட்டையே நாடின. 1996இல் உலகக் கோப்பையை வென்ற பிறகு அந்த நாட்டம் இன்னும் பெருகியது. சுசந்திகாவுக்கு முன் அந்நாட்டுக்குக் கிடைத்திருந்த ஒரே ஒலிம்பிக் பதக்கம், 1948ஆம் ஆண்டு இலண்டனில் டங்கன் வைட் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 51.8 வினாடியில் ஓடிப் பெற்ற வெள்ளி. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் இலங்கை விடுதலை பெற்றிருந்தது. மார்ச்சில் புதுக்கோட்டைத் தனியரசு இந்தியாவோடு இணைந்திருந்தது. டங்கன் வைட்டுக்குப் பின் பத்தாண்டு கழித்து, 1958ஆம் ஆண்டு டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்று, ஆசிய விளையாட்டில் இலங்கையின் முதல் தங்கத்தைப் பெற்றுத் தந்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். அந்த ஆண்டு மே மாத இறுதியில், டோக்கியோவில் போட்டிகள் நடந்துகொண்டிருந்த நாட்களில், இலங்கையில் தமிழருக்கு எதிரான வன்முறை மூண்டிருந்தது என்பதையும் அப்பதக்கத்தின் வரலாற்றோடு சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். ஒரு நாட்டுக்காகத் தாண்டியவரின் சொந்த மக்களுக்கு அந்நாட்டில் பாதுகாப்பு இல்லாத நிலையைத் தமிழ் வாசகர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

சுசந்திகா ஜயசிங்க 1975ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், கேகாலை மாவட்டத்தில் வரக்காப்பொலவை அடுத்த அத்னாவல என்னும் சிற்றூரில், வறிய சிங்களக் குடும்பத்தில் பிறந்தார். செயற்கைத் தளம் இட்ட ஓட்டப்பாதையோ, முறையாகப் பயின்ற பயிற்றுநரோ அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எட்டும் தொலைவில் இருக்கவில்லை. அங்கிருந்து புறப்பட்டு, பத்தொன்பதாவது வயது நிறைவதற்கு முன்பே, 1994ஆம் ஆண்டு ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் வெள்ளியை அவர் பெற்றார். அதே தலைமுறையில் தமயந்தி தர்ஷாவும் சுகத் திலகரத்னவும் உருவானதால், 1990களின் பிற்பகுதி இலங்கைக் குறுந்தூர ஓட்டத்தின் பொற்காலமாக விளங்கியது. குறுந்தூர ஓட்டம் என்பது 100, 200, 400 மீட்டர் ஓட்டங்களைக் குறிக்கும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒவ்வொருவரும் தத்தம் கோட்டுக்குள்ளேயே முழுவேகத்தில் ஓட வேண்டிய ஓட்டங்கள் இவை.

இவற்றுள் 200 மீட்டர் தனித்தன்மை உடையது. 100 மீட்டரைப் போல நேர்க்கோட்டில் தொடங்காமல், வளைவின் மேல் தொடங்குவதால், ஓடுபவர் தம் உடலை உட்புறமாகச் சாய்த்துக்கொண்டே வேகத்தைக் கூட்ட வேண்டும். பின்னர் வளைவு முடிந்து நேர்ப்பாதை திறக்கும் இடத்தில் உடலை நிமிர்த்தி, ஏற்கெனவே சேர்த்த வேகத்தைக் கடைசி 80 மீட்டரிலும் குறையாமல் காக்க வேண்டும். ஒவ்வொரு கோடும் 1.22 மீட்டர் அகலம் உடையதாகையால், உட்கோட்டில் ஓடுபவருக்கு வளைவு இறுக்கமாகவும் வெளிக்கோட்டில் ஓடுபவருக்கு விரிவாகவும் அமையும். அனைவரும் ஒரே தூரம் ஓடுவதற்காகத் தொடங்குமிடங்கள் படிப்படியாக முன்தள்ளி அமைக்கப்படும். இந்தத் தள்ளலால், ஓட்டத்தின் முதற்பாதியில் யார் முன்னே இருக்கிறார் என்பதைப் பார்வையாளரால் மட்டுமன்றி ஓடுபவராலும் சரியாகக் கணிக்க முடியாது. சுசந்திகாவின் வலிமை நேர்ப்பாதையில் வெளிப்பட்டது. மற்றவர்கள் தளரும் இடத்தில் தம் வேகத்தை அவர் தக்கவைத்துக்கொண்டார்.

1997ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏதென்சில் நடைபெற்ற உலகத் தடகளப் போட்டியின் இறுதி ஓட்டத்தில் உக்ரைனின் ழன்னா பின்டுசேவிச் 22.32 வினாடியில் தங்கம் வென்றார், சுசந்திகா 22.39 வினாடியில் வெள்ளியும், 1993இலும் 1995இலும் அதே தூரத்தில் உலக வாகையராக இருந்த ஜமைக்காவின் மெர்லின் ஓட்டி 22.40 வினாடியில் வெண்கலமும் பெற்றனர். உலகப் போட்டியின் குறுந்தூர ஓட்டத்தில் ஆசியப் பெண் ஒருவர் பதக்கம் பெற்றது அதுவே முதன்முறை. அன்று ஓட்டிக்கும் அவருக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரு வினாடியின் நூற்றில் ஒரு பங்கு. அந்த வேகத்தில் ஓடும் உடல் அவ்வளவு நேரத்தில் கடக்கும் தூரம் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர்.

இத்தனை சிறிய வேறுபாட்டைக் கண்ணால் அறிய இயலாது என்பதால், முடிவுக்கோட்டுக்கு நேராகக் குறிபார்த்து நிறுத்தப்பட்ட ஒளிப்படக் கருவி, அக்கோட்டின் மெல்லிய கீற்றை மட்டும் வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை பதிவு செய்து, அக்கீற்றுகளை வரிசையாக ஒட்டி ஒரே படமாக்குகிறது. அப்படத்தில் இடமிருந்து வலமாக விரிவது தூரமன்று, நேரம். தலையோ கையோ காலோ கோட்டைத் தொடுவது கணக்கில்லை. கழுத்துக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உடற்பகுதி கோட்டைத் தொடும் கணமே ஓடியவரின் நேரம். கடைசி அடியில் ஓட்டக்காரர்கள் மார்பை முன்தள்ளிப் பாய்வதன் காரணம் இதுவே. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் இந்தியாவின் பி. டி. உஷா 55.42 வினாடியில் நான்காவதாக வந்தபோது, 55.41 வினாடியில் வந்த ருமேனியப் பெண்ணிடம் வெண்கலத்தை இழந்ததும் இதே நூற்றில் ஒரு பங்கினால்தான். தென்னாசியப் பெண்கள் தடகளத்தின் வரலாற்றை எழுதுபவர் இந்த ஒற்றை அலகை விட்டுவிட்டு எழுத முடியாது.

ஏதென்ஸ் வெள்ளிக்கு அடுத்த ஆண்டே சுசந்திகாவின் வாழ்க்கை தலைகீழானது. 1998ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட சோதனையில் நாண்ட்ரோலோன் என்னும் தசை வளர்ப்பு மருந்தின் சிதைபொருள் அவருடைய சிறுநீரில் இருந்ததாக அறிவிக்கப்பட்டு, போட்டிகளிலிருந்து அவர் விலக்கப்பட்டார். தாம் அப்பொருளை உட்கொள்ளவில்லை என்று மறுத்த சுசந்திகா, அதிகாரம் படைத்த ஒருவரின் பாலியல் தொல்லைக்கு இணங்க மறுத்ததாலேயே தாம் பழிவாங்கப்படுவதாக வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். அக்குற்றச்சாட்டின் உண்மையை இங்கே தீர்ப்பிடுவதற்கில்லை. ஆனால் இலங்கை போன்ற ஒரு நாட்டில், தன் பயிற்சிச் செலவும் கடவுச்சீட்டும் போட்டி அனுமதியும் யாருடைய கையெழுத்தைச் சார்ந்திருந்தனவோ அந்த அமைப்பை நோக்கியே, 22 வயதுக் கிராமத்துப் பெண் ஒருவர் விரல் நீட்டினார் என்பதன் எடையைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. நாண்ட்ரோலோன் வழக்குகள் அக்காலத்தில் உலகெங்கும் பெருகின என்பதும் கருதத்தக்கது. 1999இல் மெர்லின் ஓட்டியும் பிரிட்டனின் லின்ஃபோர்டு கிறிஸ்டியும் அதே பொருளுக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டனர், ஓட்டியின் மீதான தடை 2000இல் நீங்கியது. சுசந்திகாவும் விசாரணைக்குப் பின் விடுவிக்கப்பட்டார். எனினும் 1998ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டு அவருக்கு இல்லாமலே போயிற்று. தர்ஷா 200 மீட்டரிலும் 400 மீட்டரிலும், திலகரத்ன 400 மீட்டரிலுமாக இலங்கை மூன்று தங்கங்களை அள்ளிய அந்தப் போட்டியில், நாட்டின் மிக வேகமான பெண் களத்திலேயே இல்லை. விளையாட்டு வீரர் ஒருவருக்கு உச்ச வேகம் நிலைக்கும் ஆண்டுகள் மிகச் சிலவே. விடுவிப்பு வந்தாலும் போன பருவம் திரும்புவதில்லை.

அதன் பின் அவர் நாட்டை விட்டு வெளியேறி லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பயிற்சி பெற்றார். சொந்த நாட்டின் அமைப்பிலிருந்து விலகிய பின்னரே அவருடைய சிறந்த ஓட்டங்கள் அமைந்தன என்பது இலங்கைத் தடகள நிருவாகத்துக்குப் பெருமை தரும் செய்தியன்று. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜப்பானின் யோகோஹாமாவில் 100 மீட்டரை 11.04 வினாடியில் ஓடினார். அம்மாதமே சிட்னியில் 200 மீட்டரை 22.28 வினாடியில் ஓடினார். அவருடைய வாழ்நாளின் சிறந்த நேரங்கள் இவ்விரண்டும். அதாவது ஒலிம்பிக் இறுதியில் தம் ஆற்றலின் உச்சத்தை அவர் தொட்டார். பலர் அத்தகைய மேடையில் தம் வழக்கமான நேரத்தைக்கூடத் தொட முடியாமல் தளர்வதை எண்ணும்போது இது சிறிய செயலன்று. ஆஸ்திரேலியாவின் சொந்த மகளாகப் போற்றப்பட்டவரும், மூன்று நாட்களுக்கு முன் 400 மீட்டரில் தங்கம் வென்றவருமான கேத்தி ஃப்ரீமன் அதே இறுதி ஓட்டத்தில் அவருக்குப் பின்னால் வந்தார். 52 ஆண்டுகளுக்குப் பின் இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது.

அன்று டேவிஸ் தாம்சனுக்கும் சுசந்திகாவுக்கும் இடையே இருந்த நூற்றில் ஒரு பங்கு, அந்நேரத்தில் வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடையேயான வேறுபாடாகத் தோன்றியது. உண்மையில் அது தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையேயான வேறுபாடு என்பது ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது. அந்த 9 சென்டிமீட்டர் மறுபக்கம் சாய்ந்திருந்தால், இலங்கையின் முதல் ஒலிம்பிக் தங்கம் அத்னாவலப் பெண்ணின் பெயரில் பதிவாகியிருக்கும். ஏதென்சில் அவருக்கு வெள்ளியைத் தந்த அதே அலகு சிட்னியில் தங்கத்தைத் தராமல் நிறுத்தியது. ஆயினும் டேவிஸ் தாம்சனின் வெற்றியில் குறை காண இடமில்லை. ஐந்து ஒலிம்பிக்குகளில் ஓடிய பெண்ணுக்கு உரிய தங்கம் அது, அதை அவர் அரங்கின் ஆரவாரத்தில் பெறாமல் ஒரு குழுவின் கூட்ட முடிவாகப் பெற்றார் என்பதே வருந்தத்தக்கது. ஏமாற்றியவரின் பெயரை நீக்குவதால் நீதி முழுமை பெறுவதில்லை. அன்றைய கொடியேற்றமும், அன்றைக்கு வந்திருக்க வேண்டிய ஆதரவுப் பணமும், அடுத்த நாள் நாளிதழும் யாருக்கும் திரும்பக் கிடைப்பதில்லை.

சிட்னிக்குப் பின்னும் அவருடைய ஓட்டம் நின்றுவிடவில்லை. 2002ஆம் ஆண்டு பூசான் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் தங்கம் வென்று, பாங்காக்கில் தவறிய வாய்ப்பை ஈடுசெய்தார். 2007ஆம் ஆண்டு அம்மானில் ஆசிய வாகையராக 100, 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் பெற்று, ஆகஸ்ட் இறுதியில் ஒசாகா உலகப் போட்டியின் 200 மீட்டரில் 22.63 வினாடியில் வெண்கலம் வென்றார்; அமெரிக்காவின் அல்லிசன் ஃபெலிக்ஸ் 21.81 வினாடியிலும், ஜமைக்காவின் வெரோனிகா காம்ப்பெல் 22.34 வினாடியிலும் அவருக்கு முன்னே வந்தனர். ஏதென்சுக்கும் ஒசாகாவுக்கும் இடையே பத்து ஆண்டுகள். தடை, நாடு மாறிய பயிற்சி, தொடர்ந்த நிருவாகச் சச்சரவு ஆகிய அனைத்தையும் கடந்து, 31ஆவது வயதில் உலகின் முதல் மூவருள் ஒருவராக நின்ற இந்த வெண்கலமே, மதிப்பீட்டு நோக்கில், அவருடைய பதக்கங்களுள் மிகக் கடினமானது எனலாம். 2009ஆம் ஆண்டு அவர் தடத்திலிருந்து விலகினார். அவ்வாண்டு டிசம்பரிலேயே சிட்னிப் பட்டியல் திருத்தப்பட்டது. 2017ஆம் ஆண்டு, அரசிடமிருந்து வர வேண்டிய கொடுப்பனவு கிடைக்கவில்லை என்று கூறி, தம் ஒலிம்பிக் பதக்கத்தை ஏலத்தில் விடப்போவதாக அவர் அறிவித்த செய்தி, தென்னாசியாவில் பதக்கத்துக்குப் பின்னான வாழ்க்கை எத்தகையது என்பதை உரைக்கப் போதுமானது. அவருக்குப் பின் இலங்கையின் யுபுன் அபேகோன், இத்தாலியில் பயிற்சி பெற்று, 2022ஆம் ஆண்டு ஜூலையில் சுவிட்சர்லாந்தில் 100 மீட்டரை 9.96 வினாடியில் ஓடி, பத்து வினாடிக்குள் ஓடிய முதல் தென்னாசியர் ஆனார். அவருடைய பாதையும் நாட்டுக்கு வெளியே சென்றே உயர்ந்தது.

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்திலிருந்து வானில் நேர்க்கோடு இட்டுப் பார்த்தால், யாழ்ப்பாணம் சென்னைக்கு உள்ள தொலைவில் பாதிக்கும் குறைவு. தேக்காட்டூரிலும் லேனா விளக்கிலும் ஈழத்தமிழர் முகாம்கள் உள்ள மாவட்டம் இது. கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் கடலுக்குச் செல்பவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும் செய்தி இங்கே ஓயாமல் வரும். ஈழப்போரில் ஆனையிறவு வீழ்ந்த ஆண்டான 2000இல், சிங்களப் பெண் ஒருவர் இலங்கைக் கொடியோடு பெற்ற பதக்கத்தை இம்மண்ணின் வாசகர்கள் கொண்டாடாமல் கடந்தது புரிந்துகொள்ளக்கூடியதே. எனினும் அவருடைய வாழ்க்கையைப் படிக்காமல் விட்டது இழப்பு. ஏழைக் குடும்பத்துப் பெண், ஓட்டத்தின் மூலம் உயர்ந்தவர், சோதனை ஒன்றின் பெயரால் களத்திலிருந்து நீக்கப்பட்டவர் என்னும் அவ்வாழ்க்கையின் கோடுகள் புதுக்கோட்டைக்கு மிக நெருங்கியவை.

2006ஆம் ஆண்டு டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் சுசந்திகா 100 மீட்டரில் வெள்ளியும் 200 மீட்டரில் வெண்கலமும் பெற்றார். அதே அரங்கில், அதே நாட்களில், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி, கஜகஸ்தான் வீராங்கனையை நூலிழையில் முந்தி வெள்ளி வென்றார். 800 மீட்டர் குறுந்தூரத்தில் சேராது, நடுத்தர ஓட்டம் எனப்படும். ஆயினும் இரு பெண்களின் கதைகளையும் பிரித்துப் பேச முடியாது. செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகளாகப் பிறந்து, 2005இல் இன்சியான் ஆசியத் தடகளப் போட்டியிலும் வெள்ளி பெற்றிருந்த சாந்தி, தோகா ஓட்டத்துக்குப் பின் பாலினச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டு, அதில் தேறவில்லை என்று அறிவிக்கப்பட்டார்; பதக்கம் பறிக்கப்பட்டது. உலகறிய அவருடைய உடலைப் பற்றி விவாதம் நடந்தது. அவர் எந்த மருந்தையும் உட்கொண்டதாக யாரும் சொல்லவில்லை, எந்த விதியையும் அறிந்து மீறியதாக யாரும் மெய்ப்பிக்கவில்லை. பிறந்த உடலோடு ஓடினார் என்பது மட்டுமே அவர் செய்தது.

பாலினச் சோதனை பற்றிய வரலாற்றைச் சுருக்கமாக அறிவது இங்கே தேவை. பெண்கள் போட்டியில் பங்கேற்கும் அனைவரையும் சோதிக்கும் வழக்கத்தைச் சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பு 1990களின் தொடக்கத்திலும், சர்வதேச ஒலிம்பிக் குழு 1999இலும் கைவிட்டன. இயற்கையில் பெண்ணுடல்கள் பலவகையாக அமைகின்றன என்பதையும், ஒற்றைச் சோதனையால் அவற்றை வரையறுக்க முடியாது என்பதையும் மருத்துவர்கள் எடுத்துரைத்ததே காரணம். ஐயம் எழுந்தால் மட்டும் தனித்தனியே ஆராயும் முறை எஞ்சியது. அந்த இடைக்காலத்தில் சாந்தி சிக்கினார். டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர் இன்ன அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்னும் எழுத்துபூர்வ விதி 2011ஆம் ஆண்டுதான் வந்தது. அந்த விதியின்படி 2014இல் ஒடிசாவின் குறுந்தூர ஓட்டக்காரர் டூட்டி சந்த் விலக்கப்பட்டபோது, அவர் சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தில் முறையிட்டார். இந்திய விளையாட்டு ஆணையம் அவருக்குத் துணை நின்றது. 2015 ஜூலையில் அம்மன்றம் விதியை நிறுத்தி வைத்தது. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் டூட்டி 100, 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வென்றார். பின்னாளில் விதிகள் மீண்டும் கடுமையாகிவிட்டன, பெண்கள் பிரிவுக்கு எத்தகைய எல்லை தேவை என்பதில் அறிவியலாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த விவாதம் வருங்காலத்தைப் பற்றியது; 2006இல் நடைமுறையில் இல்லாத ஓர் அளவுகோலைக் கொண்டு அவ்வாண்டு ஓடியவரைத் தண்டிப்பதற்கு அது காரணம் ஆகாது.

சுசந்திகாவுக்கும் டூட்டிக்கும் சாந்திக்கும் இடையே உள்ள வேறுபாடு வேகத்தில் இல்லை. முதலிருவருக்கும் தம் பக்கத்தைக் கேட்க ஒரு மன்றம் கிடைத்தது, எதிர்த்துப் பேசக் காலமும் ஆதரவும் கிடைத்தன; மூன்றாமவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய நாட்டின் சங்கங்கள் அவருக்காக வழக்காட முன்வரவில்லை. தமிழ்நாடு அரசு அன்று 15 லட்சம் ரூபாய் பரிசு அளித்து அவரைக் கைவிடாமல் இருந்தது பாராட்டத்தக்கது. எனினும் 2012ஆம் ஆண்டளவில் அவர் மீண்டும் செங்கல் சூளையில் கூலிக்கு வேலை செய்யும் நிலை வந்தது. பெங்களூருவில் பயிற்றுநர் பட்டயம் பெற்று, 2016ஆம் ஆண்டு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிலையான பயிற்றுநர் பணியில் அமர்த்தப்பட்டு, தம் ஓட்டத்தை அவர் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அவரால் உருவாகும் பிள்ளைகளின் பெயர் எந்தப் பட்டியலில் ஏறினாலும், தோகாப் பட்டியலில் அவருடைய சொந்தப் பெயர் இன்றும் இல்லை.

முடிவுப் பட்டியல் என்பது மாற்ற முடியாத ஆவணம் அன்று என்பதைச் சிட்னி மெய்ப்பித்துவிட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து ஒலிம்பிக் பட்டியலே திருத்தப்படக்கூடுமானால், ஆசிய விளையாட்டுப் பட்டியலையும் மறு ஆய்வு செய்ய முடியும். அதற்குத் தேவைப்படுவது தகுதியுடைய ஓர் அமைப்பின் கோரிக்கை. இந்திய ஒலிம்பிக் சங்கமும் இந்தியத் தடகளக் கூட்டமைப்பும் தோகா வழக்கின் சோதனை நடைமுறையை ஆராய்ந்து, சாந்தியின் பதக்கத்தை மீட்டுத் தருமாறு ஆசிய ஒலிம்பிக் பேரவையிடம் முறைப்படி கேட்க வேண்டும். தமிழ்நாடு அரசும், இம்மாவட்டத்தின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களும் அதை வலியுறுத்த வேண்டும். புதுக்கோட்டை வாசகர்கள் தங்கள் உறுப்பினருக்கு இது குறித்து ஒரு கடிதமேனும் எழுதுவது இப்போதே செய்யக்கூடிய செயல்.